கெண்டைக்கால் பேரம்

இரண்டு முழங்காலில் தொடங்கிய பேரத்தை ஒற்றைக் கெண்டைக்காலில் கொண்டுவந்து முடித்ததில் நுவாலா மக்ரோரிக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பெருமையா அது? பெற்ற மகனை எந்த இடத்தில் சுடலாம் என்று, சொந்தச் சமையலறையில், டீ ஊற்றிக் கொடுத்துப் பேசி முடித்த பெருமை. ஆனாலும் லிஸ்கல்லா குடியிருப்பில் இவ்வளவு தூரம் இறக்கிக் காட்டியவர்கள் யாரும் இல்லை.

எதிரே உட்கார்ந்து பேசியவன் ஃபின்டன் ஹானவே. லிஸ்கல்லாவுக்கும் பெல்ஃபாஸ்ட் நகருக்கும் நடுவே கறுப்பு டாக்சி ஓட்டுகிறவன். டாக்சி ஓட்டாத நேரத்தில் அவன் 'பையன்கள்' கூட்டத்தில் ஒருவன், ராணுவத்தை எதிர்த்து ரகசியமாகத் துப்பாக்கி தூக்கியவர்கள். பையன்கள் என்று பெயரே தவிர, அதில் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. போலீஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அங்கே போய் வாய் திறக்கிறவனுக்குக் காட்டிக்கொடுப்பவன் என்று பெயர். காட்டிக்கொடுப்பவனுக்கு முழங்கால், கெண்டைக்கால் என்ற பேரமெல்லாம் கிடையாது, நேரே தலைதான். அதனால் திருட்டோ அடிதடியோ, புகாரும் தீர்ப்பும் தண்டனையும் பையன்கள் கையில் இருந்தன.

மலாகி ஒன்றும் உத்தமன் இல்லை. பத்தொன்பது வயது, வேலை கிடையாது, வெட்டிப் பொழுது. நகரத்தில் நிறுத்தியிருக்கும் கார்களைத் திறந்து ஓட்டி வந்து, கடைசி பஸ் நிறுத்தத்தைச் சுற்றி டயர் கருகும்படி வட்டம் அடிப்பது அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பெரிய வீரம். பையன்கள் எச்சரித்தார்கள். திரும்பவும் எச்சரித்தார்கள். அதற்கப்புறம் மலாகி ஓட்டிய ஒரு சிவப்பு கார் நடைபாதையில் ஏறி, ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த கிழவர் ஹியூயி டோரனின் இடுப்பை உடைத்துவிட்டு, விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. மரக்கரண்டி முறியும்வரை நுவாலா மகனை அடித்தாள். அந்த அடியைப் பையன்கள் தண்டனையில் கழித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அடித்தாள்.

"ரெண்டு முழங்கால், மிஸஸ் மக்ரோரி. மேலேருந்து வந்த முடிவு" என்று ஃபின்டன் ஆரம்பித்தான்.

"எந்த மேலேருந்து? மலை மேலேருந்தா? ஏண்டா, மூக்கு ஒழுகிக்கிட்டு என் வாசல்ல நின்னு ஜாம் ரொட்டி கேட்டவன்தானே நீ?"

"அந்த ஜாம் ரொட்டிக்காகத்தான் நானே வந்து சொல்றேன். இல்லேன்னா கதவை உடைச்சுட்டு வந்திருப்பாங்க."

"அவன் கப்பல் ஏறி லிவர்பூலுக்கு ஓடியிருக்கலாம். ஓடல. அதுக்கு ஒண்ணும் குறைக்க மாட்டீங்களா?"

"சரி. ஒரு முழங்கால்."

"முழங்கால்னா எலும்பு. எலும்பு போனா ஆயுசுக்கும் நொண்டி. நொண்டியை வச்சு நான் சோறு போடணும், நீங்களா போடுவீங்க? கெண்டைக்கால். சதையில."

ஃபின்டன் சிரித்துவிட்டான். "நீங்க மீன் கடை வச்சிருக்கணும்" என்றான். டீயைக் குடித்து முடித்தான். "கெண்டைக்கால். ஆனா அவனே வந்து நிக்கணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி, கடைங்களுக்குப் பின்னாடி இருக்கிற சந்து. குடிச்சுட்டு வந்தா தப்பில்ல. வராம இருந்தாத்தான் தப்பு."

மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மலாகி, ஃபின்டன் போனதும் இறங்கி வந்தான். "பல் டாக்டரு நேரம் குடுத்த மாதிரி குடுத்துட்டுப் போறான்" என்று சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் சிரித்தது. நுவாலா அவன் தலையை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அவன் குழந்தையாக இருந்தபோது செய்ததற்குப் பிறகு அப்படிச் செய்தது அன்றுதான்.

அடுத்த வேலை கொன்செப்டா வீட்டுக்குப் போவது. மூன்று வாசல் தள்ளித்தான் வீடு. ஆனால் போவதற்கு அவளுக்குக் கால் வரவில்லை. கொன்செப்டாவின் மகன் டெக்லனைப் பையன்கள் முழங்காலில் சுட்டு இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவன் இப்போது கைத்தடியோடு நடக்கிறான். அன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நுவாலா சொன்ன சொல் இன்னும் அந்த வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கொன்செப்டா கதவைத் திறந்து, வழிவிடாமல் நின்றாள்.

"அன்னைக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

"வேண்டாம் கொன்செப்டா."

"சொல்லுடி."

"கால்ல சுட்டாத்தான் தலைக்குப் புத்தி ஏறும்னு சொன்னேன்."

"உன் வாயாலேயே ஒருதடவை கேக்கணும்னு இருந்துச்சு" என்றாள் கொன்செப்டா. வழிவிட்டாள். "உள்ள வா. கெட்டில் கொதிக்குது."

உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஜீன்ஸ் போடக் கூடாது, குண்டு துணியையும் சேர்த்து உள்ளே கொண்டு போய்விடும், புண் அழுகும். அரைக்கால் சட்டைதான் போட வேண்டும். குப்புறப் படுக்கச் சொன்னால் படுத்துவிட வேண்டும், முறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஆம்புலன்ஸ்.

"டெக்லனைச் சுட்டப்புறம்தான் கூப்பிட்டேன். வர்றதுக்குள்ள பாதி ரத்தம் சாக்கடையில போயிருச்சு. நீ முன்னாடியே கூப்பிடு. என் ஃபோன்ல இருந்து பண்ணு. ஆனா ஒண்ணு, நடந்து முடிஞ்ச மாதிரி சொல்லணும். 'சுட்டுட்டாங்க, வாங்க', அவ்வளவுதான். துப்பாக்கிச் சூடுன்னா ஆம்புலன்ஸ்காரங்க ராணுவத்துக்கும் தகவல் சொல்லிடுவாங்க. முடிஞ்சு போச்சுன்னா ராணுவக்காரன் அவசரப்பட மாட்டான். ஆம்புலன்ஸ் அள்ளிக்கிட்டுப் போனப்புறம் ஆடி அசைஞ்சு வருவான்."

"சுட்டுட்டாங்க" என்று நுவாலா சொல்லிப் பார்த்தாள்.

"அதேதான். வேற ஒரு வார்த்தையும் வேண்டாம்."

ராணுவம் லிஸ்கல்லாவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நுவாலாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் செய்து காட்டியவளே அவள்தான். ஜீப்பின் மூக்கு தெருமுனையில் தெரிந்ததும், முதலில் பார்த்த பெண் குப்பைத்தொட்டியின் தகர மூடியை எடுத்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டு, சிமெண்டுத் தரையில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். அடுத்த வாசலில் இன்னொருத்தி. கண்ணை மூடித் திறப்பதற்குள் குடியிருப்பு முழுக்க தகரம் இடிக்கும். ஒளிய வேண்டியவன் ஒளிவான், ஓட வேண்டியவன் ஓடுவான், கல் எறிகிற பொடியன்கள் கல் எடுப்பார்கள். நுவாலாவின் மூடி நெளிந்து நெளிந்து தொட்டியில் பொருந்தாமலே போய்விட்டது. அவள் தொட்டியில் மட்டும் பூனைகள் விருந்து சாப்பிட்டன. "தளபதி" என்று பெண்கள் அவளைக் கேலியாகக் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் மகனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு ரொட்டியும் பன்றி இறைச்சியும் பொரித்து வைத்தாள். அவன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் போட்டான். கூட்டாளிகள் கொடுத்தனுப்பிய வோட்காவில் பாதியைக் குடித்தான். பள்ளிக்கூடத்துக் கால்பந்து அரைக்கால் சட்டை தொடையில் இறுகிப் பிடித்தது.

"இந்தக் குளிர்ல அரைக்கால் சட்டை. பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். அடுத்த மாசம் நீ ஓடும்போது நாம சிரிப்போம்."

"ம்மா, வலிக்குமா?"

"வலிக்கும்" என்றாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கொன்செப்டாவின் வாசலில் டெக்லன் நின்றுகொண்டிருந்தான். மலாகியைப் பார்த்ததும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்தான். கொன்செப்டா அவர்களோடு வெளியே நின்றாள். நுவாலா உள்ளே போய் ஃபோனைச் சுழற்றினாள்.

"ஆம்புலன்ஸ். என்ன நடந்ததுன்னு சொல்லுங்கம்மா" என்றாள் ஒரு பெண், தேன் தடவிய குரலில்.

நுவாலா வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியாக மலாகி தெரிந்தான். புகையை விட்டபடி, குளிருக்கு ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான். இரண்டு காலும் முழுசாக, வெளுப்பாக, மயிர்க்கூச்செறிந்து தெரிந்தன. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே, ஆகாததை ஆகிவிட்டதாகச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பெற்றவள் வாயால் அப்படிச் சொன்னால் பலித்துவிடாதா?

"சுடப் போறாங்க" என்றாள்.

"என்னது? யார் யாரைச் சுடப் போறாங்க?"

"என் பையனை. லிஸ்கல்லா. கடைங்களுக்குப் பின்னாடி. ஆறு மணிக்கு."

மறுமுனையில் குரல் மாறிவிட்டது. "லைன்லேயே இருங்கம்மா" என்றது. நுவாலா வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் கொன்செப்டா.

"சொல்லிட்டேன்."

சந்துக்குப் போகும் வழியில்தான், சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய் மறுபடி ஃபோன் பண்ணலாமா என்று ஒரு கணம் நின்றாள். போனால் நேரம் தவறிவிடும். நேரம் தவறினால் முழங்கால். ஒரு சொல்தானே, போட்டும் என்று மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு கணத்தை அவள் பிறகு எத்தனை தடவை நின்று பார்த்தாளோ.

சந்தின் வாயில் ஃபின்டன் முகமூடி இல்லாமல், யாருக்கோ காத்திருக்கிறவன் போல நின்றான். உள்ளே முகமூடியோடு இரண்டு பேர். ஒருவன் தடியன். துப்பாக்கி வைத்திருந்தவன் சின்னவன், மலாகியின் வயதுதான் இருக்கும்.

"நீங்க இங்கேயே நில்லுங்க" என்றான் ஃபின்டன்.

மலாகி ஈரத் தரையில் குப்புறப் படுத்தான். முகத்தைத் திருப்பி, "ம்மா, பாக்காதே" என்றான்.

சின்னவன் குனிந்து, கெண்டைக்காலுக்குக் குழலைக் கொண்டுபோனான். நியாயமாகவே குறி பார்த்தான். இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது தூரத்தில் ஒரு தகர மூடி இடித்தது.

நுவாலாவுக்கு ஒவ்வொரு மூடியும் குரல் போலத் தெரியும். அது முதல் தெரு, தேவாலயத்துப் பக்கம். அடுத்து இரண்டாம் தெரு. பிறகு எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. சுவர், தரை, பல் எல்லாம் அதிர்ந்தன. அதற்குள்ளே சைரன் வேறு.

"ராணுவம்டா!" என்று தடியன் கத்தினான். "சுட்டுட்டு ஓடு!"

சின்னவன் ஓடுவதற்குத் திரும்பிக்கொண்டே சுட்டான். குண்டு தொடையில், மேலே, உள்பக்கமாகப் பாய்ந்தது. மலாகி கத்தவில்லை. 'ஹக்' என்று மூச்சை மட்டும் விட்டான். ரத்தம் கசியவில்லை, குழாய் உடைந்தது போலப் பீய்ச்சியது. ஃபின்டன் அந்த ரத்தத்தைப் பார்த்தான், நுவாலாவைப் பார்த்தான், ஓடினான்.

அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தொடையில் திணித்து, இரண்டு கையாலும் அமுக்கினாள். சட்டை ஊறியது. கை வழுக்கியது. "யாராவது வாங்களேன்!" என்று அலறினாள். தகர மூடிகளுக்கு நடுவே அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டெக்லன்தான் வந்தான். கைத்தடியை எறிந்துவிட்டுப் பக்கத்தில் விழுந்தான். தன் இடுப்பு வாரை உருவி மலாகியின் தொடையில் இறுக்கினான்.

"நான் பிடிச்சுக்கிறேன். நீங்க போய் ஆம்புலன்ஸைக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க!"

அவள் ஓடினாள். கடைகளைத் தாண்டியதும் சாலை தெரிந்தது. ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு ஜீப். அவற்றுக்கு முன்னே, சாலைக்குக் குறுக்கே, பொடியன்கள் எதையோ உருட்டிக்கொண்டு வந்து போட்டுத் தீ வைத்திருந்தார்கள். ஹியூயி டோரனின் இடுப்பை உடைத்த அதே சிவப்பு கார். மலாகி ஓட்டி வந்தது. யாரும் அப்புறப்படுத்தாமல் விளக்குக் கம்பத்தடியில் கிடந்தது இப்போது உதவிக்கு வந்துவிட்டது.

கல்லும் பாட்டிலும் பறந்தன. ஆம்புலன்ஸின் கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தான், விரல் இடுக்கில் ரத்தம். ஜீப்பிலிருந்து பிளாஸ்டிக் குண்டு சுட்டார்கள். ஒரு பொடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். இருபுற வாசல்களிலும் பெண்கள் மண்டியிட்டுத் தரையை இடித்தார்கள்.

நுவாலா சாலை நடுவே போய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "நிறுத்துங்கடி! நிறுத்துங்க! என் பிள்ளைக்கு வந்த ஆம்புலன்ஸுடி!"

அவர்களுக்குக் கேட்டது என்ன? ஒன்றும் இல்லை. தெரிந்தது என்ன? தளபதி வந்து நிற்கிறாள், முழங்கை வரைக்கும் ரத்தம், கையை வீசி அடி அடி என்கிறாள். எதிர்வீட்டுக்காரி அழுதுகொண்டே இன்னும் வேகமாக இடித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் வேகம் கூட்டினாள். கொன்செப்டா ஒருத்திதான், ஜீப்பைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் மூடியை எடுத்தவள், நுவாலாவின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு கையை நிறுத்தினாள். ஒருத்தி நிறுத்தி என்ன ஆகும்? ஆம்புலன்ஸ் பின்னுக்கு நகர்ந்தது. பிறகு திரும்பியது. போய்விட்டது.

மலாகி டெக்லனின் மடியில் செத்துப் போனான். கெண்டைக்கால் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் மத்தியானம் ஃபின்டன் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தான். சவப்பெட்டி முன்னறையில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, சமையலறைக்கு வந்து, முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவள் டீ ஊற்றவில்லை.

"எங்க பக்கம் தப்பு நடந்துபோச்சு, மிஸஸ் மக்ரோரி. சின்னப் பையன், பயந்துட்டான்."

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் பூரா ஜீப்பைப் பாத்துது. சுடற சத்தம் கேட்டுது. ராணுவம் சுட்டுதுன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. கொடி போத்தி எடுத்துக்கிட்டுப் போவோம். கடைச் சுவர்ல அவன் முகத்தைப் பெருசா வரைவோம். கார் திருடன்னு யாரும் பேச மாட்டாங்க. தியாகின்னு பேசுவாங்க."

"ஹியூயி டோரன் என்ன பேசுவாரு?"

"அவரும் தியாகின்னுதான் பேசுவாரு." ஃபின்டன் குரலைத் தணித்தான். "இன்னொண்ணு. ஜீப்பு தானா வரல. யாரோ முன்கூட்டியே ஃபோன் பண்ணியிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரியும். விசாரிக்க வேண்டாம்னு மேல சொல்லி வச்சிருக்கேன். அதை நாங்க மறந்துடுறோம். நீங்க சந்துல நடந்ததை மறந்துடுங்க."

"இதுவும் பேரமா, ஃபின்டன்?"

"பேரம்னே வச்சுக்கங்க. நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே."

நுவாலா எழுந்தாள். பின்கட்டுக்குப் போய், பூனையை விரட்டி, நெளிந்த மூடியை எடுத்தாள். முன்னறையில் மகனைத் தாண்டி வாசலுக்குப் போனாள். மண்டியிட்டாள். ஓங்கி இடித்தாள்.

கதவுகள் படபடவென்று திறந்தன. பட்டப்பகலில், மூடியும் கையுமாக, மாவு படிந்த கையோடு ஒருத்தி, தலையில் சுருள் ஊசியோடு ஒருத்தி. "எங்கடி? எந்தப் பக்கம்? ஜீப்பைக் காணோமே!"

"ஜீப்பு இல்ல" என்றாள் நுவாலா. பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றுவிட்ட ஃபின்டனைக் கை நீட்டிக் காட்டினாள். "இதோ நிக்குது பாருங்க. என் பிள்ளையைச் சுட்டது ராணுவம் இல்ல. இவன் கூட்டிட்டு வந்த ஆளு. கெண்டைக்கால்னு பேசி, கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சது நான். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினதும் நான்தான். 'சுட்டுட்டாங்க'ன்னு சொல்ல வேண்டியது, 'சுடப் போறாங்க'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க. நான்தான் ஃபோன் பண்ணினேன்."

அந்தச் சொல்லுக்கு லிஸ்கல்லாவில் என்ன விலை என்று அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

"துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு அவங்களுக்கு" என்றான் ஃபின்டன், டாக்சியில் சில்லறை கேட்கும் அதே குரலில். "எல்லாரும் உள்ள போங்க."

சிலர் போனார்கள். எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், அவர்களுக்கும் மகன்கள் உண்டு. மூன்று வாசல் தள்ளி கொன்செப்டா நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் டெக்லன், தடியை ஊன்றியபடி. அவன் நகக்கண்ணில் மலாகியின் ரத்தம் இன்னும் போகவில்லை. கொன்செப்டா மெல்லக் குனிந்து, மூட்டு வலியோடு மண்டியிட்டு, மூடியைத் தரையில் அடித்தாள்.

ஃபின்டன் படியிறங்கி டாக்சியை நோக்கி நடந்தான். வேகமாக நடக்கக் கூடாது என்று நினைத்து நடக்கிறவனின் நடை. அவன் கடந்துபோகும்போது ஒரு வாசலில் மூடி இடித்தது. இரண்டு வாசல் அமைதி. பிறகு இன்னொரு வாசல். ராணுவத்துக்கு இடிக்கும் அதே இடி. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான், காது மட்டும் சிவந்திருந்தது.

நுவாலாவின் உள்ளங்கையைத் தகரம் கிழித்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ அவளைத் தேடி வருவார்கள். தலைக்குப் பேரம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் இடித்துக்கொண்டே இருந்தாள்.